கீழே திண்ணை, மேலே வளைவு ஜன்னல்: புதுச்சேரியின் கலப்புப் பாணி வீடு

புதுச்சேரிக்கு விடுமுறையில் வருபவர்கள், மஞ்சள் சுவரும் வெள்ளைக் கரையும் கண்ணில் பட்டதுமே "பிரெஞ்சு வீடு" என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்து மரத்தூணையும் ஓட்டுக்கூரையையும் பார்த்ததும் "செட்டிநாட்டு வீடு" என்கிறார்கள். விடுதி விளம்பரங்கள் இரண்டையும் சேர்த்து "300 ஆண்டுப் பழமையான பிரெஞ்சு மாளிகை" என்று எழுதிவிடுகின்றன. இந்த மூன்று பெயர்களும் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் தனித்த ஒரு வகை வீடு இருக்கிறது. அதன் கீழ்த்தளம் தமிழ் வீடு. மேல்தளத்தின் முகம் பிரெஞ்சு. மரபுக் கட்டடங்களைப் பற்றிப் பேசுபவர்கள் இதை பிராங்கோ-தமிழ் வீடு என்பார்கள். "இரண்டு பாணியையும் கலந்து கட்டினார்கள்" என்ற ஒரே வரியோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் வழக்கம். எந்த இடத்தில் கலந்தார்கள், ஏன் அந்த இடத்தில் கலந்தார்கள் என்று கேட்டால்தான் இந்த வீடுகளின் அறிவு புரியும். அதைப் புரிந்துகொள்ளக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை.

## வேட்டியும் கோட்டும்

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் வக்கீல் ஒருவரின் புகைப்படத்தை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் வேட்டி, மேலே கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தலையில் தலைப்பாகை. அன்று யாரும் அவரைப் பார்த்து "பாதி ஐரோப்பியர்" என்று சொல்லவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடவும், வெயிலில் நடக்கவும், பூசையில் நிற்கவும் வேட்டி வசதி. நீதிமன்றத்தில் நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கும்போது கோட்டு தேவை. ஒவ்வொரு உடையும் அதற்குரிய இடத்தில் இருந்தது.

புதுச்சேரியின் கலப்பு வீடும் இப்படித்தான் இயங்குகிறது. வீட்டாரின் அன்றாடம் நடக்கும் கீழ்த்தளம் தமிழ் முறையில் இருக்கும். ஊருக்குக் காட்டும் மேல்தளம் பிரெஞ்சு முறையில் இருக்கும். வேட்டித் துணியையும் கோட்டுத் துணியையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட்ட உடையாக இதை நினைத்துக்கொள்வதில்தான் தவறான புரிதல் தொடங்குகிறது. இரண்டு பாணிக்கும் நடுவில் தெளிவான எல்லைக்கோடு உண்டு. அந்தக் கோடு கிடையாக, இரண்டு தளங்களும் சந்திக்கும் இடத்தில் ஓடுகிறது.

உடையை உதாரணமாகச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வந்தார். நீதிபதி அதை ஏற்கவில்லை. விவகாரம் பாரிஸில் இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், அங்கே பிள்ளைக்குச் சாதகமாக முடிந்தது. யார் எதை அணியலாம், எந்த வாசலில் எப்படி நிற்கலாம் என்பதெல்லாம் அந்த ஊரில் உரிமைப் பிரச்சினையாக இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டின் முகப்பை எப்படி அமைப்பது என்பதையும் யாரும் விளையாட்டாக முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

## ஊர் அமைந்த விதம்

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1674-ல் இங்கே நிலைகொண்டது. 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1699-ல் திரும்பக் கொடுப்பதற்குள், நேர்நேராகத் தெருக்கள் வெட்டிக்கொள்ளும் கட்டத் திட்டம் ஒன்றை வரைந்திருந்தார்கள். பிரெஞ்சுத் திட்டம் என்று இன்று எல்லோரும் வியக்கும் தெரு அமைப்புக்கு அடித்தளம் போட்டது டச்சுக்காரர்கள். நடுவில் வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரித்தது. கடல் பக்கம் வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி.

1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி, கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, 1765 முதல் பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோடுகளின் மேலேயே ஊரை மறுபடி கட்டினார்கள். ஆகவே 1761-க்கு முந்தைய பிரெஞ்சு வீடு என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள். இன்று நாம் பார்க்கும் கலப்பு வீடுகளில் பலவும் 19-ஆம் நூற்றாண்டையும் அதையடுத்த சில பத்தாண்டுகளையும் சேர்ந்தவை.

நமக்கு வேண்டியது இதில் ஒரு செய்திதான். கட்டத் திட்டத்தால் ஒவ்வொரு மனையும் தெருப்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் அமைந்தது. பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டியிருந்ததால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. தெருப்பக்கத்திலிருந்தும் கொல்லையிலிருந்தும் வீட்டின் நடுவிலிருந்தும் மட்டுமே வெளிச்சமும் காற்றும் வர முடியும்.

## கீழ்த்தளம்: தெருவிலிருந்து கிணறுவரை

தமிழ் வீட்டை அறைகளின் எண்ணிக்கையால் விளக்க முடியாது. யார் எதுவரை வரலாம் என்ற வரிசையால்தான் அதை விளக்க முடியும்.

முதலில் தாழ்வாரம். பிற ஊர்களில் வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றியுள்ள கூரைப் பகுதியைத்தான் தாழ்வாரம் என்பார்கள். புதுச்சேரியில் தெருவோரத்திலும் ஒரு தாழ்வாரம் உண்டு. வீட்டு முன்சுவரிலிருந்து தெருப்பக்கம் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, அதைத் தாங்கும் மரத்தூண்கள், அடியில் ஒரு மேடை. தூணின் கால் நேரடியாகத் தரையைத் தொடாது. ஒரு சிறு கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். மழை ஈரமும் கரையானும் மரத்தில் ஏறாமல் இருக்க அந்தக் கல். தூணின் தலையில் இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் செதுக்கிய மரத்துண்டு இருக்கும். அதற்குப் போதிகை என்று பெயர். மேலே வரும் உத்தரத்தின் பாரத்தை அகலமாக வாங்கித் தூணுக்குள் இறக்குவது அதன் வேலை. பூ வேலைப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாழ்வாரத்தின் அழகு அது வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமானதாக நடந்துகொள்ளாததில் இருக்கிறது. அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் ஒரே உயரத்தில் தொடரும்போது, தெருவில் போகிற யாரும் வெயில் படாமல், மழையில் நனையாமல் நடக்கலாம். நகரத் திட்டம் தீட்டுபவர்கள் இன்று நடைபாதை நிழலுக்காக என்னென்னவோ யோசிக்கிறார்கள். இந்தத் தெருக்களில் வீடு கட்டியவர்கள் தங்கள் கூரையை நீட்டியே அதைச் செய்துவிட்டார்கள். எனக்கு இந்த வீடுகளில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அடுத்தது திண்ணை. வாசலின் இருபுறமும் கட்டிய உயர்ந்த மேடை. வழிப்போக்கர் உட்காரலாம், வியாபாரம் பேச வந்தவர் காத்திருக்கலாம், வீட்டுப் பெரியவர் மத்தியானம் படுக்கலாம். திண்ணைவரை வந்தவர் வீட்டுக்குள் வந்தவர் ஆகமாட்டார். அவரை அவமதித்ததும் ஆகாது.

பிறகு நிலைக்கதவு. வீட்டிலேயே அதிக மரவேலை இங்கேதான். இந்து வீடுகளில் நிலையின் மேல்சட்டத்தில் கஜலட்சுமி உருவம் செதுக்குவது உண்டு. அதைத் தாண்டினால் நடை. சில ஊர்களில் இதையே ரேழி என்பார்கள். குறுகலான, சற்று இருட்டான வழி. தெருவின் வெயிலுக்குப் பழகிய கண் இங்கே ஒரு கணம் தடுமாறும். அடுத்த அடியில் முற்றத்தின் வெளிச்சம் வந்து விழும்.

முற்றம் என்பது வீட்டின் நடுவே கூரையில்லாமல் விட்ட சதுரம். சுற்றிலும் நான்கு பக்கக் கூரைகளும் உள்நோக்கிச் சரிந்து, மரத்தூண்களின் மேல் நிற்கும். தரை ஒரு படி தாழ்ந்திருக்கும். ஒரு மூலையில் மழைநீர் வெளியேறும் தூம்பு இருக்கும். பக்கச்சுவரில் ஜன்னல் வைக்க முடியாத நீண்ட வீட்டுக்கு முற்றம்தான் ஜன்னல். அது காற்றையும் இயக்குகிறது. வெயில் ஏற ஏற முற்றத்தில் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும். அந்த வெற்றிடத்தை நிரப்பத் தெருப்பக்கத்து நிழலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் ஒப்பீட்டளவில் குளிர்ந்த காற்று நடை வழியாக உள்ளே இழுபடும். தாழ்வாரத்தின் நிழல் இல்லாவிட்டால் உள்ளே வரும் காற்றும் தெருவின் அனலாகத்தான் இருக்கும். ஆகவே வாசலில் உள்ள கூரையும் நடுவில் உள்ள திறப்பும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

முற்றத்தைச் சுற்றிக் கூடம், பூசையறை, படுக்கையறைகள். அதற்கும் பின்னால் சமையலறை, கொல்லை, கிணறு.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: கீழ்த்தளம் தெருவிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக அந்தரங்கம் கூடும் ஒரு வரிசை. தாழ்வாரம் ஊருக்கு, திண்ணை வருபவருக்கு, முற்றம் வீட்டாருக்கு. வெளிச்சமும் காற்றும் இதே வழியில்தான் வருகின்றன.

## பிரெஞ்சு வீடு தெருவை எப்படிப் பார்த்தது?

கடற்கரைப் பக்கத்து வீடுகளைப் பார்த்தால் இதற்கு நேர் எதிரான குணம் தெரியும். தெருவோரத்தில் உயரமான மதில். அதில் தூண்கள் தாங்கும் பெரிய வாசல். உள்ளே தோட்டம் அல்லது திறந்தவெளி. அதற்குப் பின்னால்தான் வீடு. வீட்டின் அகலமான வளைவுகளும் தூண்வரிசை கொண்ட வராந்தாவும் அந்தத் தோட்டத்தைப் பார்த்தே நிற்கும். மதிலுக்கு வெளியே நடப்பவருக்கு உட்கார ஓர் அங்குலமும் கிடையாது.

பிரெஞ்சு வீடு திறந்த மனதுடையது, தமிழ் வீடு உள்ளே ஒடுங்கியது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தெருவில் நின்று பார்த்தால் உண்மை நேர்மாறாக இருக்கிறது. பிரெஞ்சு வீடு தெருவுக்கு மதிலைக் காட்டுகிறது, தமிழ் வீடு திண்ணையைக் காட்டுகிறது. கலப்பு வீடு கட்டிய தமிழர்கள் பிரெஞ்சு மதிலை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டது முகப்பு அலங்காரத்தையும் ஜன்னலையும். எதை வாங்கினார்கள் என்பதைப் போலவே எதை விட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

## மேல்தளம்: நாலு பேர் பார்க்கும் முகம்

இப்போது தெருவின் எதிர்ப்புறம் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். தாழ்வாரக் கூரை சுவரைத் தொடும் கோட்டுக்கு மேலே வீடு வேறு மொழி பேசத் தொடங்கும்.

முதலில் சுவரை நெடுக்குவாட்டில் பிரிக்கும் அரைத்தூண்கள். அரைத்தூண் என்றால் சுவரிலிருந்து சில அங்குலம் மட்டும் வெளியே தெரியும் தட்டையான தூண். பெரும்பாலும் அது பாரம் தாங்குவதில்லை. நீண்ட சுவரைச் சம அளவுப் பகுதிகளாகப் பிரித்து, பார்ப்பவர் கண்ணுக்கு ஓர் ஒழுங்கைத் தருவதே அதன் வேலை. இரண்டு அரைத்தூண்களுக்கு நடுவில் ஒரு ஜன்னல், அதற்கு மேல் அரைவட்ட வளைவு. ஜன்னல்கள் ஏறக்குறைய தரைவரை இறங்கும். அவற்றின் கதவுகளில் மரப்பட்டிகள் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும். அந்தச் சாய்வால் வெயிலும் சாரலும் தடுக்கப்படும், காற்று நுழையும், உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் இருப்பவருக்கு உள்ளே தெரியாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே சுவர் உச்சியில் படிப்படியாக முன்னே நீளும் பட்டை ஒன்று ஓடும். இதை கார்னிஸ் என்பார்கள். அழகோடு, வடியும் மழைநீரைச் சுவரில் இறங்கவிடாமல் தள்ளி விழச் செய்யும் பயனும் இதற்கு உண்டு. அதற்கும் மேலே மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர். சில வீடுகளில் குட்டையான உருண்டைத் தூண்கள் வரிசையாக நிற்கும் பிரெஞ்சு வடிவில் அது இருக்கும்.

மேல்தளத்துக்கு மட்டும் ஏன் இந்த முகம்? எனக்குச் சரியாகப்படும் காரணம் இது. கீழ்த்தளத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்கெனவே ஒரு கடமை இருந்தது. பூசை, சமையல், பிரசவம், சாவு, கல்யாணம் எல்லாம் எங்கே நடக்க வேண்டும் என்று குடும்பத்துக்குத் தெரியும். முற்றத்தை எடுத்துவிட்டு அங்கே பிரெஞ்சு வரவேற்பறை வைத்தால் வீட்டின் வாழ்க்கையே மாறிவிடும். மாடிக்கு அப்படிப்பட்ட பழைய கடமைகள் குறைவு. அது புதிதாகச் சேர்ந்த இடம். விருந்தினரை, குறிப்பாக பிரெஞ்சு அதிகாரிகளையும் வியாபாரக் கூட்டாளிகளையும், நாற்காலி போட்டு உட்கார வைக்க அங்கே வசதி இருந்தது. கடற்காற்றும் மாடிக்குத்தான் நன்றாக வரும், ஆகவே உயரமான ஜன்னலுக்கு அங்கே பயன் அதிகம். கீழே நிழல் வேண்டும், மேலே காற்று வேண்டும். ஒன்றுக்குத் தாழ்வாரம் விடை, இன்னொன்றுக்குப் பட்டி ஜன்னல் விடை.

## பிரெஞ்சு முகத்தைத் தாங்குவது எது?

இந்த வீடுகளின் கதையில் பெரும்பாலும் சொல்லப்படாமல் விடுபடும் பகுதி இது.

சாய்ந்த ஓட்டுக்கூரையின் மேல் இன்னொரு தளம் கட்ட முடியாது. மாடி வேண்டுமென்றால் கனம் தாங்கும் தட்டையான தளம் வேண்டும். உச்சியில் கைப்பிடிச் சுவரும் கார்னிஸும் வேண்டுமென்றாலும் கூரை தட்டையாக இருக்க வேண்டும். சிமென்ட் கான்கிரீட் வருவதற்கு முன்னால் இந்தத் தட்டைத் தளத்தை எப்படிப் போட்டார்கள்? இந்தக் கடற்கரை முழுதும் வழக்கில் இருந்த மெட்ராஸ் டெரஸ் முறையில்.

முதலில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்குவார்கள். அவற்றின் மேல் கையளவே உள்ள மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்கே சாய்கோணத்தில் பதிப்பார்கள். வேலை ஒரு மூலையிலிருந்து தொடங்கும். அந்த மூலையில் முதல் வரிசை மிகச் சிறியது, அடுத்தடுத்த வரிசைகள் நீண்டுகொண்டே போகும். கொத்தனார் ஒவ்வொரு கல்லிலும் சுண்ணாம்புச் சாந்து தடவி, முன்பே இறுகிய வரிசையோடு அழுத்தி ஒட்டுவார். கல் கீழே விழாமல் சாந்தும் பக்கத்துக் கல்லும் பிடித்துக்கொள்ளும். அடியில் பலகை அடைத்து முட்டுக்கொடுக்கும் வேலையே இல்லை. சாய்கோணத்தில் வைப்பதற்குக் காரணமும் அதுதான்.

அதன் மேல் உடைத்த செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அவ்வப்போது தெளிப்பார்கள். சுண்ணாம்பு அவசரமாகக் காய்ந்து வெடிக்காமல், மெதுவாக இறுகிப் பிடிக்க அது உதவும். கடைசியில் தட்டை ஓடுகளைச் சுண்ணாம்பில் பதித்து, மழைநீர் ஓடும்படி லேசாகச் சரிவு கொடுத்து முடிப்பார்கள்.

இந்தத் தளத்தின் அடிப்புறத்தை அறைக்குள் நின்று பார்க்கலாம். வரிசையான மரக்கட்டைகளும் அவற்றுக்கிடையே சாய்ந்து ஓடும் செங்கல் கோடுகளும் தெரியும். மரம் எவ்வளவு நீளம் வளையாமல் தாங்குமோ அவ்வளவுதான் அறையின் அகலம். பழைய வீடுகளில் அறைகள் குறுகலாகவும் நீளமாகவும் இருப்பது ரசனையைவிட மரத்தைப் பொறுத்த விஷயம்.

அலங்காரமும் இப்படித்தான். கார்னிஸுக்குச் செங்கல்லை நீட்டி வைத்து, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, தேவையான வளைவுகள் வெட்டிய தகட்டைச் சாந்தின் மீது நெடுகிலும் இழுத்து வடிவம் எடுப்பார்கள். தூண்தலையில் இலையும் பூவும் வருவது சுதை வேலை. சுதை என்பது செங்கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்தால் உருவம் அமைக்கும் கலை. கோயில் கோபுரத்துப் பொம்மைகளைச் செய்வதும் இதே முறையில்தான். பிரெஞ்சுத் தூணின் தலையில் தாமரை இதழ்போல ஒன்றைக் கண்டால் ஆச்சரியப்படத் தேவையில்லை. அதைச் செய்த கைகள் எந்தப் பூவைப் பார்த்து வளர்ந்தனவோ அந்தப் பூ அங்கே வந்திருக்கிறது.

கடற்கரைப் பக்கத்து "சுத்தமான" பிரெஞ்சு வீடுகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் வரைபடமும் முகமும் பிரான்ஸைப் பார்த்தவை. கூரை மெட்ராஸ் டெரஸ், பூச்சு சுண்ணாம்பு, கட்டியவர்கள் உள்ளூர்க் கொத்தனார்களும் தச்சர்களும். வெயிலைத் தாங்க வராந்தாவும் ஆழமாக வந்துவிட்டது.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது: மேல்தளத்தின் தோற்றம் பிரெஞ்சு, அதைச் சாத்தியமாக்கிய தொழில்நுட்பம் இந்த மண்ணுடையது.

## ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு

மிகத் தெளிவான உதாரணம் வேண்டுமென்றால் பெரிய மார்க்கெட் அருகே இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைச் சொல்லலாம். 1709-ல் பிறந்து 1761-ல், ஊர் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் இறந்தவர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்தவர். 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு, தென்னிந்திய வரலாற்றைப் படிப்பவர்கள் தவிர்க்க முடியாத ஆவணம்.

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள் நிற்கின்றன. அண்ணாந்தால் மேல்தளத்தில் அதே முற்றத்தைச் சுற்றி வெண்சுண்ணாம்பு பூசிய பருத்த தூண்கள், ஐரோப்பிய வடிவில். ஒரே திறப்பைச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டு உலகங்கள். காலையில் தமிழ் வணிகர்களோடும் பிறகு பிரெஞ்சு ஆளுநரோடும் பேச வேண்டியிருந்த ஒருவரின் வீடு இப்படி இருந்ததில் வியப்பில்லை. பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் பரவிய யோசனை இங்கே முன்பே முழுமையாக இருக்கிறது.

## இதோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு

செட்டிநாட்டு வீடுகளிலும் கலப்பு உண்டு. பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, வெளிநாட்டுக் கண்ணாடி எல்லாம் அங்கே வந்தன. அது கடல் கடந்து சம்பாதித்த செல்வத்தின் வழியே வந்த கலப்பு. அந்த வீடுகள் பல கட்டுகளாக, ஒரு தெருவிலிருந்து மறுதெருவரைகூட நீளும். புதுச்சேரிக் கலப்பு வீடு அளவில் சிறியது. பொருளைவிட, பக்கத்தில் வாழ்ந்த வேறொரு சமூகத்தின் கட்டும் முறையோடு அதற்குத் தொடர்பு அதிகம்.

சென்னை உயர் நீதிமன்றம் போன்ற கட்டடங்களின் இந்தோ-சாரசெனிக் பாணி முற்றிலும் வேறு. அங்கே ஆங்கிலேய அரசின் கட்டடக்கலைஞர்கள், முகலாயக் குவிமாடம், கோபுரம், வளைவு முதலியவற்றைத் தேர்ந்தெடுத்து அரசுக் கட்டடங்களில் வைத்தார்கள். ஆள்பவர் மேலிருந்து எடுத்த முடிவு அது. புதுச்சேரியில் முடிவெடுத்தது குடியிருப்பவர்.

## தெருவில் நின்று படிக்க

பார்க்கச் சிறந்த இடம் வைசியாள் வீதி. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஆசிய நகரங்களுக்கு உதவிய ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் நகராட்சியும் சேர்ந்து, அந்த வீதியின் ஒரு பகுதி முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. ஒற்றை வீட்டைக் காப்பாற்றுவதைவிட ஒரு வீதியைக் காப்பாற்றியது பெரிய காரியம் என்பேன். தாழ்வாரத்தின் பொருள் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு சேரும்போதுதான் முழுமையாகிறது.

போனால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் பூச்சை எந்தச் சுவரிலும் பூசலாம், நேற்றுக் கட்டிய கான்கிரீட் விடுதியிலும் பூசலாம். முதலில் தளங்கள் சந்திக்கும் கோட்டைத் தேடுங்கள். அதற்குக் கீழே மரத்தூணும் ஓட்டுக்கூரையும், மேலே அரைத்தூணும் வளைவும் இருந்தால் கலப்பு வீடு. மதிலும் பெரிய வாசலும் முன்னால் வந்தால் அது பிரெஞ்சு வகை. ஒரே தளமாகத் தாழ்வாரமும் திண்ணையுமாக இருந்தால் தமிழ் வீடு.

பூச்சு உரிந்த இடத்தையும் கவனியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டால் சுவருக்குள் போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பழைய செங்கல்லை அரித்துப் பொடியாக்கும். "பலப்படுத்துகிறோம்" என்று நல்லெண்ணத்தோடு செய்யும் இந்த வேலை வீட்டின் ஆயுளைக் குறைக்கிறது. தண்ணீர் விஷயத்தில் பழைய கட்டடங்களுக்குச் சலுகை கிடையாது. 1870-களின் தொடக்கத்தில் கட்டிய கடற்கரைச் சாலையின் பழைய நகரமண்டபம், 2014 நவம்பரில் கனமழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்த கட்டடம்.

பல வீதிகளில் தாழ்வாரத்தைக் காண முடியாது. கார் நிறுத்தவும் கடை போடவும் அதைத்தான் முதலில் இடித்தார்கள். ஆனாலும் அது இருந்ததா என்று கண்டுபிடிக்கலாம். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே, சுவரில் ஒரே உயரத்தில், சம இடைவெளியில் அடைத்த பொந்துகளின் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். கூரையின் கட்டைகள் சுவருக்குள் நுழைந்த இடம் அது. அதன் மட்டத்துக்கு மேலே அலங்காரம் நிறைந்தும், கீழே சுவர் வெறுமையாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கீழ்ச்சுவர் நிழலில் இருக்கப்போவது என்பதால் கட்டியவர் அதற்கு அலங்காரம் தரவில்லை.